மூணு விரல் முடி

முதலில் கத்தரிக்கோல், அப்புறம் சவரக்கத்தி. எங்கள் இல்லத்துக்குள் ஒரு பிள்ளை அந்த வரிசையில்தான் வரும். பெயர் கேட்பதற்கு முன், ஊர் கேட்பதற்கு முன், முதல் தட்டுச் சோறு செரிப்பதற்கு முன், தலை. ரயிலடியில் படுத்து எழுந்த தலைகளில் பேன் தெருத் தெருவாக வீடு கட்டியிருக்கும். ஒரு தலையை விட்டால் முப்பது தலைக்கும் ஏறும். அதனால் யாரும் எழுதி வைக்காமலே ஒரு சட்டம் உண்டு: பேன் என்றால் மொட்டை.

ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது அந்த இல்லம். எங்கள் திருச்சபை நடத்துவது. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளைச் சில மாதம் வைத்திருந்து, வீடு எங்கே என்று கண்டுபிடித்து, கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் ஊழியம். ஊழியம் என்று சபையில் சொல்வோம்; உண்மையில் அது நடை. வெயிலில் நடை, பஸ்ஸில் நின்றபடியே நடை, ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கத் தொடையை மட்டும் வைத்து உட்கார்ந்தபடி நடை. உட்கார்ந்து செய்கிற வேலை எதிலும் நான் தங்கியதில்லை. ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் கால்தான் முதலில் கிளம்புகிறது. புத்தி பின்னால் ஓடிவந்து பிடிக்கிறது. இந்தக் கதையில் நடந்த தப்பும் அப்படி நடந்ததுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். காலையில் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையங்களில் நாங்கள் போகிற சுற்றில், கடற்கரை நிலையத்தில் கிடைத்தாள். காலித் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னை வாங்கி முதலில் சாக்குக்குள் போட்டாள். பிறகு யோசித்து, எடுத்துத் தின்றாள். மூன்று காலை பேச்சுக் கொடுத்தோம். நாலாம் காலை சாக்கோடு எங்கள் பின்னால் நடந்து வந்தாள். முறைப்படி குழந்தைகள் நலக்குழுவின் முன்னால் நிறுத்தினோம். அங்கே ஒரு புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவளுக்கு இடுப்பு வரை முடி. சிக்கு விழுந்து, கயிறு கயிறாகத் திரிந்து, தேங்கிய மழைத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. ஆனாலும் முடி.

அன்று முடி வெட்டுகிறவர் வரவில்லை. நாளைக்கு வரட்டும் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பின்கட்டில் குழாயடியில் உட்கார வைத்து நானே வெட்டினேன், நானே மழித்தேன். அவள் அழவில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

குப்பையில் போடுவேன், வேறென்ன என்றேன். செய்தித்தாளில் சுருட்டி, தெருமுனையிலிருந்த தொட்டியில் போட்டேன். ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அந்த நாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊரைச் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை; தினம் ஒன்று சொன்னாள். திங்கட்கிழமை அரக்கோணம். செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி. அடுத்தது தாம்பரம். ரயில் நிலைய ஒலிபெருக்கி ஏழு மாதமாக அவள் காதில் ஓதியதையெல்லாம் எங்களுக்கு வரிசையாக ஒப்பித்தாள். நான் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். பொய் சொல்கிற பிள்ளையிடம் பொய் என்று சொல்லக் கூடாது. பொய்யும் ஒரு கதவுதான், அதையும் அது சாத்திவிடும்.

அவளைக் கண்டுபிடித்தது எங்கள் சமையல்காரம்மா. யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்ததுபோல ஒரு கூடை நெத்திலி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இவள் மட்டும் வந்து குந்தினாள். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, குடலோடு இழுத்து, ஒரே அசைவு. ஒரு மீன், ஒரு மூச்சு. எங்கள் சமையல்காரம்மா பத்து மீன் முடிப்பதற்குள் அவள் பக்கத்தில் ஒரு குவியல்.

"இன்னாமே, அரக்கோணத்துல கடல் வந்துடுச்சா?" என்றார் சமையல்காரம்மா.

அவள் கை நின்றது. பிறகு சிரித்துவிட்டாள். மழித்த தலையோடு அவள் சிரித்ததை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் குப்பத்தின் பெயரைச் சொன்னாள். ஓடிவந்த கதையையும் சொன்னாள். அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்து, இவளைக் காவல் வைத்துவிட்டு, அம்மா ஐஸ் வாங்கப் போயிருக்கிறாள். விடியலுக்கு முன்பே எழுப்பிக் கூட்டிவந்த பிள்ளை, தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது கூடை இல்லை. அம்மா வருவதற்குள் நடந்தாள். நடந்தது ரயிலடியில் போய் நின்றது. ரயில் எங்கேயும் போகவில்லை, திரும்பித் திரும்பி அதே நிலையத்துக்கு வந்தது. ஏழு மாதம். அம்மாவிடமிருந்து நடந்து போகிற தூரத்தில் ஏழு மாதம்.

முதல் தடவை வீட்டைப் பார்க்க நான் மட்டும் போனேன். அதுதான் முறை. எண்ணூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் ஒரு லாரி எங்கள் பஸ்ஸின் காதருகிலேயே கம்பிகளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. திருவொற்றியூருக்கு வடக்கே, கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்களுக்குப் பின்னால் நாலு வரிசை வீடுகள். அந்த அம்மா வாசலில் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஈரக் கட்டைவிரலால் படத்தில் முடியைத் தொட்டாள். முகத்தை இல்லை, முடியை.

"அது சடை போட்டுகினு கீதா?" என்று கேட்டாள்.

பிள்ளை சாப்பிடுகிறதா, அடிபட்டதா, எவனாவது ஏதாவது செய்தானா, எல்லாத் தாய்களும் கேட்கும் எதையும் இவள் கேட்கவில்லை. எனக்கு விசித்திரமாக இருந்தது. ஏக்கம் என்று நினைத்தேன். அந்த முடியை என் கையால் சுருட்டிக் குப்பையில் போட்ட வெட்கம் வேறு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், மொட்டைதானே, வளர்ந்துவிடும்.

"ம்" என்றேன்.

இந்த ஊழியத்தில் இருந்த பதினாலு வருஷத்தில் தாய்மார்களிடம் நான் எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கிறேன். இதைவிடச் சின்னப் பொய் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டிவா என்றாள். நல்ல நாள் பார்க்கிறாள் போல என்று நினைத்து, நலக்குழுவிடம் உத்தரவுக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கு ஒரு போன் போட்டு, முடி எடுத்துவிட்டோம் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கால் முதலில் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை வெயிலுக்காகப் பிள்ளைக்கு ஒரு தொப்பி போட்டுக் கூட்டிப்போனேன். குப்பத்தின் முனையில், கருங்கற்களைப் பார்த்தபடி ஒரு அம்மன் கோயில். கோயில் என்றால் தகரக் கூரை, ஒரு சூலம், மஞ்சள் பூசிய ஒரு கல். அங்கே கூட்டம். வாழைப்பழம், தேங்காய், புதுப் பாவாடை, ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் துணி. மணையில் பிள்ளையின் தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், மடி காலியாக. பக்கத்தில் முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டு, கிண்ணத்தில் தண்ணீரோடு காத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்த அதே நேரத்தில் அந்த அம்மா ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். தொப்பி கழன்று மணலில் விழுந்தது.

கல்லில் அலை மோதுகிற சத்தம் மட்டும். முடி இறக்குகிறவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னா நைனா, எனக்கு முன்னாடி எவனோ வேலய முட்ச்சிட்டான்" என்று தாய்மாமனிடம் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் கத்தியை மடக்கிவிட்டார்.

அந்த அம்மா பிள்ளையை விடவில்லை. பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"வேளாங்கண்ணில எறக்கிட்டியா? எந்த மாதாவுக்குக் குடுத்த?"

எங்கள் சபையில் முடி கொடுக்கிற வழக்கமே கிடையாது என்றேன். எந்தச் சாமிக்கும் கொடுக்கவில்லை, பேனுக்காக எடுத்தது என்றேன். சொல்லச் சொல்ல என் வார்த்தைகள் எனக்கே கேவலமாகக் கேட்டன. ஒரு சாமிக்குக் கொடுத்திருந்தால்கூட அவளுக்குப் பொறுத்திருக்கும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அது இன்னொரு வீட்டுக் கணக்கு, சாமிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

"பேனுக்கா" என்றாள். "அந்த முடி எங்க?"

குப்பையில் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. பிள்ளை சொல்லிவிடுவாளோ என்று ஒரு நொடி பயந்தேன். அந்தப் பயத்துக்காகவே நானே சொன்னேன்.

தாய்மாமன் எழுந்து வந்தார். அதட்டவில்லை. கடலில் கத்திப் பேசிப் பழகின தொண்டையை இறக்கி, எனக்கு விளங்கும்படி சொன்னார். தங்கச்சி புருஷனைக் கடல் எடுத்து ஆறு வருஷம். இப்போது என் படகில் நானும் அவள் மூத்த பையனும் போகிறோம். பிள்ளை காணாமல் போன மூன்றாம் நாள், இந்தக் கல்லின் முன்னால் நின்று இவள் ஒரு வார்த்தை கொடுத்தாள். பிள்ளை கிடைத்தால் அதன் முடியை உன் காலடியில் இறக்கிவிட்டுத்தான் என் வீட்டுப் படி ஏற்றுவேன் என்று. முடி முதல், படி அப்புறம். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். எங்கள் பங்கு உன் குப்பையில் போய்விட்டது. இனி இவளைப் படி ஏற்றிவிட்டு நாளைக் காலையில் அந்தப் பையனை எந்த நம்பிக்கையில் நான் படகில் ஏற்றுவேன்?

நான் பேசிப் பார்த்தேன். பிள்ளை செய்த குற்றம் என்ன என்றேன். அந்த அம்மா, நான் வேண்டுமானால் வெளியே மணலில் பிள்ளையோடு படுத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு என் கையிலிருந்த கடிதம் ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. மணலில் விட்டுவிட்டு வர முடியாது. ஆக, அவள் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், நான் வாங்கிவந்த காகிதம் ஒரு பக்கம். நடுவில் பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றாள், திருடின பொருளை மறைப்பதுபோல.

கடைசியில் தாய்மாமன்தான் கேட்டார். இடுப்பளவு வேண்டாம். கைக்குப் பிடிபட்டால் போதும்.

"மூணு விரல் வளரட்டும்" என்றார். "அப்பால இட்டுகினு வா. என் மடி எங்கியும் போவாது."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எண்ணூர்க் காற்றில் அமோனியா வாடையும் கருவாட்டு வாடையும் மாறி மாறி வந்தன. தண்டையார்பேட்டை தாண்டியது. அப்புறம் சொன்னாள்:

"கூடைய தொலச்சேன். இப்ப முடியயும் தொலச்சிட்டேன்."

நீ தொலைக்கவில்லை, நான் தொலைத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்த பிள்ளை ஓடும். எங்கள் வேலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. முதல் தடவை பயத்தில் ஓடும். இரண்டாம் தடவை ஓடினால் ஏழு மாதத்தில் கிடைக்காது, கிடைக்காமலே போகும். மூன்று விரல் முடி வளர நாலு மாதம். நாலு மாதம் அவளை ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதைவிட, நாலு மாதம் அந்தத் தலையை எங்கள் சட்டத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

இல்லத்து வார்டனம்மாவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முப்பது பிள்ளைகளின் சொறியையும் சளியையும் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த கை. "பேனுக்குச் சாமி தெரியுமாம்மா? ஒரு தலையை விட்டா எல்லாத் தலையும் போயிடும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நாம எந்தச் சாமிக்கு முடி வளர்க்கிறோம்னு யோசிச்சீங்களா என்றார். யோசித்திருந்தேன். யோசித்துக்கொண்டேதான் போதகரிடம் போனேன். போதகருக்குக் காதோரம் தவிரத் தலையில் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் தலையைத் தடவினார்.

"முடி விஷயத்துல என்கிட்ட எதுக்கு வர்றீங்க? எனக்கு ஆண்டவர் அந்த வரத்தைக் கொடுக்கலியே" என்றார். பிறகு, பிள்ளை வீட்டுக்குப் போகணும், அதானே நம்ம வேலை, வளரட்டும் என்றார். அவருக்கும் முழுச் சமாதானம் இல்லை என்பது தெரிந்தது. எனக்கும் இல்லை. ஆனாலும் தினம் ஜெபத்தில் கேட்டேன்: ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் முடி சீக்கிரம் வளரட்டும். அது எங்கே போகப்போகிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அவருக்குத் தெரியாதா என்ன.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் அவளை உட்கார வைத்துப் பேன் சீப்பால் வாருவேன். என் உடம்பு ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்காரக் கற்றுக்கொண்டது அப்போதுதான். முதல் நாள் விரலை வைத்து அளந்தேன். அரை விரல்கூட இல்லை. அவள் தலையைத் திருப்பி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"உன் விரலு ஒல்லி. எங்கம்மா விரலு குண்டு. உன்னுது மூணு, அவளுது ரெண்டுதான்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நான் காசிமேட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த வலைத் துண்டிலிருந்து ஒரு நைலான் நூலைப் பிய்த்து, மூன்று விரலைச் சேர்த்து வைத்து, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தாள். உப்பிலும் ஐஸிலும் ஊறித் தடித்த விரல்கள். மோதிர விரலில் ஒரு வெட்டுக் காயம். அதை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சொல்லாத அதுகிட்ட" என்றாள்.

நூலைப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் அதை மோந்து பார்த்தாள். தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் எடுத்து, உச்சியில் ஒரு மயிரை இழுத்து, நூலோடு பிடித்துப் பார்ப்பாள். மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். அவள் தலையில் முடி வளர்கிறதா, கதிர் வளர்கிறதா என்று. பிறகு அவர்களே சுற்றி நின்று அளந்தார்கள். ஒரு முடிச்சுக்கும் இன்னொரு முடிச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும்? ஐந்து சென்டிமீட்டர். அதற்குள் ஒரு வீடு இருந்தது.

மூன்றாம் மாதம், நான் ஒரு பையனின் வீட்டைத் தேடி மூலக்கொத்தளம் பக்கம் போயிருந்த காலையில் அது நடந்தது. மாதாந்திர முடிவெட்டு நாள். முந்தின நாள் புதிதாக வந்த ஒரு குழந்தையிடமிருந்து பெண்கள் அறை முழுக்கப் பேன் ஏறியிருந்தது. இவள் தலையிலும். வார்டன் முடி வெட்டுகிறவரிடம், இன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாத் தலையும் என்று சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று சொல்லவில்லை, முப்பது தலையில் ஒரு தலையை மறந்துவிட்டார். முடி வெட்டுகிறவர் பையைத் திறந்து கத்தியை எடுத்து வைத்ததைப் பார்த்தவள், சாப்பாட்டு மணி அடித்தபோது இல்லை. தலையணை உறைக்குள் நூலும் இல்லை.

வார்டன் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். நான் கடற்கரை நிலையத்துக்கு ஓடினேன். நடைமேடை நடைமேடையாகத் தேடினேன். பாட்டில் பொறுக்குகிற பிள்ளைகளையெல்லாம் கேட்டேன். அந்தப் பக்கத்து டீக்கடை, பாலத்தின் அடி, பார்சல் அலுவலகத்தின் பின்புறம். ஒலிபெருக்கி கும்மிடிப்பூண்டி என்றது, அரக்கோணம் என்றது. ஒவ்வொரு ரயில் கிளம்பும்போதும் அவள் அதில் போகிறாள் என்று பட்டது. ஓடிப்போன பிள்ளை ஓடியே போகும் என்று என் புத்தி பழகியிருந்தது. ராயபுரத்திலிருந்து நடக்கிற தூரத்திலிருக்கும் காசிமேடு எனக்குக் கடைசியாகத்தான் தோன்றியது.

அங்கே வெயில் உச்சியில் நின்றது. ஏலம் முடிந்து, சில்லறை விற்கிற பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், ஐஸ் சுற்றும் ஈரச் சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு பிள்ளை. இரண்டு கையாலும் அம்மாவின் கூடையைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"திருப்பியும் வெட்ட வந்தாங்களாமே. இதான் உங்க ஒயுங்கா?"

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். அவள் மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் பார்த்தாள்.

"காவல் காக்கச் சொன்ன அன்னிக்குத் தூங்கிட்டு, இப்ப காக்குது பாரு. இப்ப யாரு ஒன்ன கேட்டா?" என்றாள்.

பிள்ளை கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். வந்து, சாக்கை விலக்கி, முடியை விரலால் கோதிப் பார்த்தாள். அதன்பின் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாங்க போலாம், நான் பாக்கறேன் என்றாள்.

எங்கள் இல்லத்து வாசலுக்கு வந்ததும் படியை ஒரு முறை பார்த்தாள்.

"இது என் வூட்டுப் படி இல்ல. இங்க ஒக்காரலாம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். பிள்ளையை ஒரு படி கீழே இழுத்து முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். பேன் சீப்பு வேண்டாம் என்றுவிட்டாள். விரல்தான். பிரித்து, பார்த்து, இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கி. நெத்திலியைக் கிள்ளிய அதே நகம், வீட்டு நகம். நசுங்குகிற ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் பிள்ளையின் தோள் ஒரு இழை இறங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முழங்காலில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா எழுப்பவில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது.

அன்றிலிருந்து தினமும் விற்று முடித்துவிட்டு வந்தாள். முதலில் தன் பிள்ளை தலை மட்டும். பிறகு பக்கத்தில் வந்து நின்ற இன்னொரு பெண்ணை, "இன்னா பாக்கற, குந்து" என்றாள். ஒரு வாரத்தில் வாசப்படியில் வரிசை. பேன் என்றால் மொட்டை என்ற எங்கள் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. அது பேச்சில்லாமல் நின்றுபோனது. ஒரு மத்தியானம் நான் வெளியிலிருந்து வந்தபோது, வார்டன் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், சும்மா அரிக்குதுன்னு காட்டினேன் என்றார். அந்த அம்மாவின் நகத்தில் ஒன்று நசுங்கியது.

ஆடி பிறந்து இரண்டாம் வெள்ளிக்கு முன் தினம், பிள்ளை நூலை முடியோடு பிடித்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. மூன்று தடவை பிடித்துப் பார்த்தாள்.

அதே பஸ், அதே லாரிகள். இந்தத் தடவை தொப்பி போடவில்லை. குட்டையாக நிமிர்ந்து நின்ற அந்த முடியில் வழியெல்லாம் காற்று விளையாடிக்கொண்டு வந்தது. தாய்மாமன் அதே மணையில் இருந்தார். பிள்ளை போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். முடி இறக்குகிறவர், இந்தத் தபா எனக்கு வேல மிச்சம் வச்சிருக்கீங்களே, சந்தோசம் என்றார். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி, தகரக் கூரைக்கு வெளியே, மணலில் நின்றேன். அதுதான் என் இடம் என்று யாரும் சொல்லவில்லை, நானே நின்றேன். கத்தி முன்னும் பின்னும் போனது. விழுந்த முடியை ஒன்றுவிடாமல் அந்த அம்மா மஞ்சள் துணியில் ஏந்தினாள். மணலில் விழுந்த இரண்டு மூன்று இழையைக்கூடக் குனிந்து தேடி எடுத்தாள். கல்லின் காலடியில் வைத்தாள். பிறகு துணியை முடிந்து, நூலையும் அதோடு சேர்த்து, அண்ணனிடம் கொடுத்தாள். அவர் கருங்கற்களில் இறங்கி அலையில் விட்டுவிட்டு வந்தார்.

கூழ் ஊற்றினார்கள். தாய்மாமன் ஒரு சொம்போடு என்னிடம் வந்தார். படையலுக்கு முந்தியே உனக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டேன், பயப்படாம குடி என்றார். எங்கள் ஜனம் படைத்ததைத் தொடாது என்பதை அவர் எங்கே கேட்டாரோ, எப்போது நினைத்தாரோ. நான் நின்றபடியே குடித்தேன். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார்.

பிள்ளையை ஒப்படைக்கும்போது தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அன்று வேண்டாம் என்று இருந்தேன். அந்த அம்மாதான் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"உங்க ஜெபம் பண்ணலியா, சிஸ்டரு? இங்க நின்னுகினு பண்ணிடு. அப்பால உள்ள போவும்."

நான் சிஸ்டர் இல்லை, தாலி கட்டிக்கொண்டவள் என்று நாலு மாதமாகச் சொல்லியும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சந்தனம் பூசின அந்தத் தலையில் கை வைத்தேன். முன்பு இவள் அம்மாவிடம் 'ம்' என்று சொன்னேனே, ஆண்டவரே, அதை மன்னியும் என்று மட்டும் மனசுக்குள் கேட்டேன். ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது, உள்ளங்கை முழுக்கச் சந்தனம்.

பிள்ளை படி ஏறினாள். வலது காலை வை என்று நாலு பேர் சொன்னார்கள். அவள் அவசரத்தில் எதை வைத்தாளோ. உள்ளே போனவளின் குரல்தான் முதலில் கேட்டது, இந்தக் கூடை புதுசா என்று.

கடிதத்தில் அந்த அம்மாவின் கைரேகையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. நாலு மாதத்துக்கு முன் இதே தலை, இதே போல மழித்து, இதே வாசலுக்கு முன்னால் நின்றது. அன்று உள்ளே விடவில்லை. இன்று விட்டார்கள். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே மொட்டைதான். சந்தனம் பட்ட கையை மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்தபடி ராயபுரம் வரை நின்றேன்.

அடுத்த வாரம் ரயிலடியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். குழாயடியில் உட்கார வைத்தேன். கத்தரிக்கோல் பையிலேயே இருந்தது.

"இந்த முடி யாருக்காச்சும் சொல்லி வச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். நான் உட்கார்ந்து காத்திருந்தேன்.